இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு

சின்னவளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரர் பதினைந்து ஆண்டுகளாக ஒரே புகாரைத்தான் சொல்லிவந்தார்.

"அம்மா, இது ஒரு ஆளோட உடம்பு இல்ல. இடது பாதி ஒருத்தரு, வலது பாதி இன்னொருத்தரு. நான் யாருக்கு அளவெடுக்கிறது?"

அவர் மிகைப்படுத்தவில்லை. நடு முதுகிலிருந்து இடது தோள் வரை நாடாவை வைத்தால், வலப்பக்கத்தைவிட முக்கால் அங்குலம் கூடுதலாக வந்தது. இடது முழங்காலில், உள்ளங்கை அளவுக்கு, செருப்புத் தோலைப் போலக் காய்ப்பு ஏறியிருந்தது. வலது தொடையோ இடது தொடையைக் கேலி செய்வதுபோலப் பருத்திருந்தது. எல்லாம் அவள் ஓட்டிய படகு கொடுத்த சீர்வரிசை.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. கேனோ என்று பெயர். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். அகலமோ, ஒரு சாதாரண நாற்காலியைவிடக் குறைவு. அதில் உட்கார இடமில்லை. ஒரு முழங்காலை மண்டியிட்டு, மறு காலை முன்னே ஊன்றி, ஒரே ஒரு அலகுள்ள துடுப்பால் ஒரே பக்கத்தில் நீரை இழுக்க வேண்டும். சுக்கான் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் படகு வட்டமடிக்கும் என்பதால், ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் படகின் மூக்கை நேராக்க வேண்டும். நிமிடத்துக்கு அறுபது, எழுபது முறை. இடமா, வலமா என்று முதல் வாரத்தில் பழகுவதுதான் ஆயுள் முழுக்க. எழுதுகிற கையை யாரும் பாதி வாழ்க்கையில் மாற்றிக்கொள்வதில்லை. துடுப்புப் பக்கமும் அப்படித்தான்.

சின்னவள் இடப்பக்கக்காரி ஆனதற்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை. ஏரிக்கரையில் இருந்த படகுக் கழகத்தில் சேர்ந்தது உண்மையில் அவளுடைய அக்கா. பதினெட்டு வயதுப் பெரியவளுக்கு, இரட்டை அலகுத் துடுப்போடு உட்கார்ந்து ஓட்டும் கயாக் மேல் ஆசை. பதினாறு வயதுச் சின்னவள் துணைக்கு அனுப்பப்பட்டவள். சும்மா நின்றவளைப் பார்த்து, அங்கிருந்த பயிற்சியாளர் மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய கேனோவைக் காட்டினார். "கயாக் எல்லாம் ஆளுக்கு ஒண்ணாப் போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். பசங்க ஓட்டுறது. ஏறிப் பாக்கிறியா?"

ஏறினாள். படகின் வலப்பக்கம் மரமேடையோடு ஒட்டியிருந்தது. நீர் இருந்தது இடப்பக்கத்தில். ஆகவே இடப்பக்கம் துடுப்பைப் போட்டாள். ஆராய்ச்சி அவ்வளவுதான். மூன்றாவது இழுப்பில் நீரில் விழுந்தாள்.

பெரியவள் இரண்டு மாதத்தில் கயாக்கை விட்டாள். சின்னவள் கேனோவை விடவில்லை. பெண்களுக்கு அந்தப் படகில் அப்போது போட்டியே இல்லாததால், முதல் மூன்று ஆண்டுகள் ஆண்களோடு ஓட்டிக் கடைசியாக வந்துகொண்டிருந்தாள். பின்னர் பெண்களுக்கும் பந்தயம் அறிவித்தார்கள். நாட்டின் முதல் போட்டிக்கு வந்தவர்கள் மூவர். இருவர் பாதி வழியில் விழுந்தார்கள். சின்னவள் தங்கப் பதக்கத்தோடு வீடு திரும்பினாள்.

"விழாம இருந்ததுக்கா பதக்கம்?" என்று பெரியவள் கேட்டாள்.

"நீ விழாம இருந்து காட்டு, உனக்கும் வாங்கித் தர்றேன்."

குடும்பத்தில் அந்தப் பதக்கத்தை இன்றுவரை 'விழாப் பதக்கம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பின் வந்தவை அப்படிப்பட்டவை அல்ல. போட்டியாளர்கள் மூன்று பேர் பதினெட்டு பேரானார்கள். இருநூறு மீட்டர் ஒற்றையரில் சின்னவள் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் முதலிடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. இடையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பவருக்கு லென்ஸைத் தேர்ந்து, இயந்திரத்தில் ஓரம் சீவி, பிரேமில் பொருத்தித் தருவது அவள் பணி. இடையில் திருமணமும் நடந்தது. மாப்பிள்ளை பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விடிகாலையில் பணிமனையிலிருந்து வெற்றுப் பேருந்தை எடுத்து வரும்போது அவளை ஏரிக்கரையில் இறக்கிவிடுவார். "தினமும் என் பஸ்ல ஏறுற முதல் பிள்ளை நீதான். இன்னும் பாஸாகல" என்பார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் ஒரு முள் இருந்தது. சின்னவள் இரண்டு முறை உலகப் போட்டிக்குப் போயிருந்தாள். இரண்டு முறையும் அரையிறுதியோடு திரும்பினாள். முதல் முறை, இறுதிச் சுற்றுக்கு அரை வினாடி தாமதம். இரண்டாம் முறை, வினாடியில் பத்தில் ஒரு பங்கு. உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒரே ஒருமுறை புறப்பாட்டுக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர, அவள் அந்தப் படகிடம் வேறெதையும் கேட்டதில்லை. முதலிடம், மூன்றாமிடம் என்ற பேராசையெல்லாம் இல்லை. நின்றால் போதும். இதை அவள் வாய்விட்டுச் சொன்னது மாப்பிள்ளையிடம் மட்டும். மாப்பிள்ளை பெரியவளிடம் சொன்னார். அதன் பிறகு ஊருக்கே தெரிந்தது.

அவளுக்கு முப்பது வயது நடக்கையில் ராக்கெட் வந்து சேர்ந்தாள்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு; கழகத்தில் எல்லோரும் அழைத்தது ராக்கெட் என்று. பத்தொன்பது வயது. துப்பாக்கி வெடித்தவுடன் படகு நீரை விட்டு எழுந்து பறப்பதுபோலப் புறப்படும். அந்த ஆண்டு தேசியப் போட்டியில் அவள் சின்னவளை முக்கால் வினாடி வித்தியாசத்தில் முந்தினாள். கரையேறியதும் நேரே வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஸாரி."

"எதுக்கு ஸாரி? அடுத்த தடவ மெதுவாப் போகப் போறியா?"

"இல்ல."

"அப்ப அந்த ஸாரியை நீயே வெச்சுக்க. தண்ணி பாட்டிலை எடு."

அன்று வீட்டுக்கு வந்து சின்னவள் இரண்டு மணி நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள் என்பது மாப்பிள்ளையின் வாக்குமூலம்.

அடுத்த மாதம் தேசியப் படகுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சியாளர் அதைப் படகுக் கொட்டகையில் வைத்து உரக்கப் படித்தார். வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர் என்பதால் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. உலகப் போட்டியின் ஒற்றையருக்கு ராக்கெட். ஐந்நூறு மீட்டர் இரட்டையருக்கு ஒரு படகு அனுப்பலாம். ஆனால் ஏழு மாதம் கழித்து நடக்கும் தேர்வோட்டத்தில் அந்த இணை இரண்டு நிமிடம் ஆறு வினாடிக்குள் வந்தாக வேண்டும்.

"ராக்கெட்டும் நீயும் ஏறினா ரெண்டு நிமிஷம் மூணுல வருவீங்க" என்றார் பயிற்சியாளர். சொல்லிவிட்டுப் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஆனா ரெண்டு பேரும் இடது."

இரட்டையர் கேனோவில் ஒருவர் இடப்பக்கம் இழுத்தால் மற்றவர் வலப்பக்கம் இழுக்க வேண்டும். இருவரும் ஒரே பக்கம் என்றால் படகு கவிழும். கவிழாவிட்டால் கரையைத் தேடி வளையும். நாட்டில் வலப்பக்கம் ஓட்டிய தேர்ந்த பெண்கள் இருவரே. ஒருத்தி மேற்படிப்புக்காகக் கடல் கடந்திருந்தாள். இன்னொருத்தி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்தாள்.

"நீ எப்படிடி இடது ஆன?" என்று சின்னவள் ராக்கெட்டைக் கேட்டாள்.

ராக்கெட் காதுவரை சிவந்தாள். "உங்க வீடியோ பாத்துத்தான்க்கா. பன்னெண்டு வயசுல. எங்க ஊர்ல சொல்லித்தர ஆள் இல்ல. நீங்க இடது, அதனால நானும் இடது."

பயிற்சியாளர் பென்சிலை இரண்டாக ஒடித்தார்.

"ராக்கெட் மாற முடியாது. அவளுக்கு ஒத்தையர் இடதுல இருக்கு" என்றார். அடுத்த வாக்கியத்தைச் சின்னவளே சொன்னாள்.

"நான் மாறுறேன்."

"பதினஞ்சு வருஷம்மா!"

"ஏழு மாசம் இருக்கு இல்ல?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை எவ்வளவு ஆழத்தில் மாட்டிக்கொண்டாள் என்பது மறுநாள் காலை ஏரியில் தெரிந்தது. வலது முழங்காலை மண்டியிட்டு, இடது காலை முன்னே வைத்து, துடுப்பை வலப்பக்கம் போட்டாள். ஆறு முறை தேசிய வெற்றியாளர் ஏழாவது நொடியில் தலைகுப்புற விழுந்தார். ஏறினாள், விழுந்தாள். ஏறினாள், விழுந்தாள். பக்கத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளைகள் துடுப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பயிற்சியாளரின் நோட்டுப் புத்தகத்தில் முதல் வாரத்துக்கு எதிரே 'விழுந்தது: 43' என்று இருக்கிறது. பெரியவள் ஐம்பதுக்கு மேல் என்கிறாள். எழுத்தில் இருப்பது நாற்பத்து மூன்று.

அம்மா மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். காய்ப்பே இல்லாத வலது முழங்கால் மூன்றாம் நாள் பந்துபோல வீங்கியதைப் பார்த்துவிட்டுப் பனிக்கட்டியை வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒரு முட்டியை முழுசா வீணாக்கிட்ட. சரி, போகட்டும்னு விட்டேன். இப்ப இன்னொண்ணையும் ஆரம்பிச்சுட்டியா?"

"ஜோடி சேரட்டும்மா."

"ஜோடியாத்தான் சேரும். வயசான காலத்துல ரெண்டும் சேர்ந்து உன்னைத் திட்டும்."

உடம்பு மாறத் தொடங்கியதும் மூளையும் இடம் மாறத் தொடங்கியது. கைக்கடிகாரத்தை எந்தக் கையில் கட்டுவது என்று நின்று யோசித்தாள். கதவுப் பிடியைத் தவறான பக்கம் தேடினாள். பேருந்தில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் படியில் நின்றதை மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்து, "பஸ்ஸுக்கு உள்ளே வர்றதா உத்தேசம் இருக்கா?" என்று கேட்டார்.

இவை எல்லாம் வீட்டோடு போயின. கடையில் நடந்தது வெளியே தெரிந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் புதுக் கண்ணாடி வாங்கிப் போன மறுநாளே, சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, இது என்ன கண்ணாடி? போட்டா எங்க வீட்டு மாடிப்படி பாம்பு மாதிரி நெளியுது. கீழே இறங்கணும்னு காலை வெச்சா தரை மேல வருது."

சின்னவள் கண்ணாடியை வாங்கி இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். அவருடைய வலக்கண்ணுக்கு நாலு, இடக்கண்ணுக்கு ஒன்றரை. இப்போது வலப்பக்கம் ஒன்றரையும் இடப்பக்கம் நாலும் இருந்தன. பத்தாண்டுப் பணியில் அவள் லென்ஸை இடம் மாற்றிப் பொருத்தியது அதுவே முதல் முறை.

"டீச்சர், என் தப்பு. மன்னிச்சிடுங்க. ரெண்டு லென்ஸும் பக்கம் மாறிப் போச்சு."

"எப்படி மாறும்?"

படகு, முழங்கால், ஏழு மாதம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கண்ணாடி இல்லாத கண்ணால் அவளை உற்றுப் பார்த்தார்.

"அப்ப என் படி நெளிஞ்சதுக்குக் காரணம் ஏரியில இருக்குன்னு சொல்ற."

"ஆமா டீச்சர்."

"முப்பத்தாறு வருஷம் பாடம் எடுத்தேன். வீட்டுப்பாடம் செய்யாததுக்கு இப்படி ஒரு காரணத்தை ஒரு பிள்ளையும் சொன்னதில்ல." அவர் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார். "சரி, மாத்திக் குடு. நீ சீவுறப்ப நான் பக்கத்துல நின்னு இடது, வலதுன்னு சொல்றேன்."

சொல்லவும் செய்தார். அன்றிலிருந்து சின்னவள் வேலை மேசையில் இரண்டு தட்டுகளை வைத்து, ஒன்றில் 'இ' என்றும் மற்றதில் 'வ' என்றும் பெரிதாக எழுதி ஒட்டினாள். கடை முதலாளி வாடிக்கையாளர் எதிரில் மட்டும் அவற்றைத் துணியால் மூடிவைக்கச் சொன்னார்.

நான்காம் மாதம் அவள் விழுவது நின்றது. அது ஒரு சாதனைதான். ஆனால் விழாமல் இருப்பதற்கு இப்போதெல்லாம் யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. ராக்கெட்டோடு இரட்டையர் படகில் ஏறினாள். ராக்கெட் முன்னால், சின்னவள் பின்னால். முன்னால் இருப்பவர் தாளத்தைக் கொடுக்க வேண்டும். பின்னால் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டே மூக்கை நேராக வைத்திருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்தான் பின்னால் இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளரின் முடிவு. அந்த அனுபவம் முழுவதும் இடப்பக்கத்தில் இருந்தது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சின்னவள் வலது மணிக்கட்டைத் திருப்பத் திருப்ப, படகு குடித்தவன் வீட்டுக்குப் போகிறமாதிரி போயிற்று. இரண்டு நிமிடம் பதினைந்து. அடுத்த வாரம் பதினாலு. அதற்கு அடுத்த வாரமும் பதினாலு. ஐந்தாம் மாதம் முடியும்போது பதின்மூன்றில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை, மிதவைக் கயிற்றை மூன்றாம் முறையாக இடித்துவிட்டுப் படகு நின்றபோது, சின்னவள் துடுப்பைக் குறுக்கே வைத்தாள்.

"போதும் ராக்கெட். என்னால நீயும் வீணாப் போற. ஒத்தையருக்குப் பழகு. உன்னோட காலை நேரத்தையெல்லாம் நான் தின்னுக்கிட்டிருக்கேன்."

முன்னால் இருந்தவள் திரும்பவில்லை. அந்தப் படகில் திரும்பினால் இருவரும் நீருக்குள்தான். நீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? கோபப்படக் கூடாது."

"கேளு."

"எனக்கு நீங்க பின்னாடி இருக்கிறது புடிக்கல."

"என்னது?"

"உங்க முதுகு தெரியல. ஏழு வருஷம் அந்த வீடியோவுல உங்க முதுகைத்தான் பாத்தேன். நீங்க எப்ப மூச்சு விடுவீங்க, எந்த இழுப்புல வேகத்தைக் கூட்டுவீங்க, எல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்க முன்னாடி வாங்க. திருப்புறதை நான் பாத்துக்கிறேன், என் பக்கம் எனக்குப் பழக்கம்தானே. நீங்க வெறும் தாளம் மட்டும் குடுங்க."

"வெறும் தாளமா! பதினஞ்சு வருஷ உழைப்பு உனக்கு வெறும் தாளமா?"

"கோபப்படக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

பயிற்சியாளர் முதலில் ஒப்பவில்லை. 'பத்தொன்பது வயசு பின்னால, முப்பத்தொரு வயசு முன்னால' என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். எந்தப் புத்தகம் என்று சின்னவள் கேட்டாள். அவர் ஒரு புதிய பென்சிலைத் தேடிப் போனார்.

திங்கட்கிழமை இடம் மாறி ஏறினார்கள். மூக்கை நேராக வைக்கும் பாரம் மணிக்கட்டிலிருந்து இறங்கியதும், சின்னவளின் உடம்பு முதல் முறையாக வலப்பக்கத்தில் இளைப்பாறியது. அவள் இழுத்தாள்; பின்னால் அதே கணத்தில் இன்னொரு துடுப்பு நீருக்குள் இறங்குவதை முதுகால் கேட்டாள். வேகத்தைக் கூட்டலாம் என்று அவள் நினைக்கும்போதே பின்னால் வேகம் கூடியிருந்தது. தன் நிழலே துடுப்புப் பிடித்துப் பின்னால் மண்டியிட்டிருப்பதுபோல இருந்தது. இடப்பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில். கரையில் பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஒன்பது.

ஆறாம் மாத முடிவில் ஏழு. தேர்வோட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு ஆறு வினாடியும் கொசுறும். அந்தக் கொசுறு மட்டும் போவதாக இல்லை.

தேர்வு நாளன்று காலை பத்து மணிக்குச் சங்கத்திலிருந்து மூவர் வந்தார்கள். செயலாளர், நேரம் பார்ப்பவர், முடிவுக் கோட்டில் கொடியோடு நிற்கும் ஒரு பெண்மணி. குடும்பத்திலிருந்து மாப்பிள்ளை, அம்மா, பெரியவள். கைப்பேசியில் முழு ஓட்டத்தையும் படமெடுத்துத் தருவதாகப் பெரியவள் சபதம் செய்திருந்தாள். ஏரி அசையாமல் கிடந்தது. படகு ஒன்றுதான், எதிராளி கடிகாரம்.

முதல் இருநூறு மீட்டரில் ராக்கெட்டுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரிந்தது. முந்நூறு வரை சின்னவள் எண்ணிக்கொண்டே இழுத்தாள். முந்நூற்றைம்பதில் மூச்சு தீர்ந்தது. அங்கேதான் பதினைந்து ஆண்டுப் பழக்கம் எழுந்து நின்று கையைப் பிடித்து இழுத்தது. இடுப்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. உடம்பு வீட்டுக்குப் போகப் பார்த்தது. படகு ஒரு கணம் தள்ளாடியது. பின்னாலிருந்து ராக்கெட் கத்தினாள்:

"அக்கா! இந்தப் பக்கம் நான் இருக்கேன்! உங்க இடம் அந்தப் பக்கம்!"

சின்னவள் இடுப்பை வலப்பக்கம் இழுத்து வைத்தாள். பல்லைக் கடித்தாள். வீங்கி இறங்கி வீங்கி இறங்கிய வலது முழங்காலின் மேல் தன் முழு எடையையும் போட்டாள். கடைசி ஐம்பது மீட்டரில் அவள் கொடுத்த தாளம், எந்த வீடியோவிலும் இல்லாதது. ஆயினும் பின்னால் இருந்தவள் ஒரு இழுப்பைக்கூடத் தவறவிடவில்லை. கொடி இறங்கியதைக் கண் ஓரத்தில் பார்த்த நொடியில் சின்னவள் உடம்பைத் தளர்த்தினாள். தளர்ந்த உடம்பு தன் பழைய பக்கம் சாய்ந்தது. படகு புரண்டது. இருவரும் நீருக்குள் போனார்கள்.

வெளியே தலை தூக்கியபோது கரையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டு அஞ்சு எழுபத்தொண்ணு" என்றார் நேரம் பார்த்தவர்.

"நேரம் சரி. ஆனா விழுந்துட்டாங்களே" என்றார் செயலாளர். "கோட்டைத் தாண்டும்போது ரெண்டு பேரும் படகுல இருக்கணும். இல்லைன்னா ஓட்டம் செல்லாது. எனக்கென்னவோ தாண்டுறதுக்கு முன்னாடியே சாஞ்ச மாதிரி தெரிஞ்சுது."

"சாயிறது வேற, விழுறது வேற சார்!" பயிற்சியாளர் வாயிலிருந்து பென்சில் துண்டு பறந்தது.

"என்கிட்ட படம் இருக்கு!" பெரியவள் கைப்பேசியோடு ஓடி வந்தாள். எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்தார்கள். படத்தில் நானூற்றைம்பது மீட்டர் வரை படகு அழகாக வந்தது. அதன் பிறகு பெரியவள் துள்ளிக் குதித்திருந்தாள். வானம் தெரிந்தது. ஒரு மரம் தெரிந்தது. அம்மாவின் செருப்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"பதினஞ்சு வருஷமா இவ ஓட்டத்தைப் பாக்குறேன்" என்றார் அம்மா. "கடைசி அம்பது மீட்டரை இவ அக்கா ஒரு தடவகூட நின்ன இடத்துல நின்னு பாத்ததில்ல."

சின்னவள் மரமேடையைப் பிடித்துக்கொண்டு நீருக்குள்ளேயே நின்றாள். ஏறத் தெம்பில்லை. ராக்கெட் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய ஏழு மாதமும் இப்போது மேலே நின்ற மூன்று பேரின் கண்ணில் இருந்தது.

இதுவரை வாயே திறக்காத கொடிக்காரப் பெண்மணி கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"கோட்டுக்கு நேரே நின்னது நான் மட்டும்தான். நீங்க ரெண்டு பேரும் பக்கவாட்டுல நின்னீங்க. மூக்கு தாண்டுச்சு, நான் கொடியை இறக்கினேன். அப்புறம் ஒரு ஆள் நீளம் போயித்தான் கவுந்தாங்க. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"நிச்சயமாவா?" என்றார் செயலாளர்.

"சார், விழுந்தவங்களை முன்னாடி விழுந்தாங்களா பின்னாடி விழுந்தாங்களான்னு பாக்கத்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? இல்ல, கொடியைக் காயப் போடவா?"

செயலாளர் தாளில் நேரத்தை எழுதினார். மாப்பிள்ளை மேடையிலிருந்து குனிந்து கையை நீட்டினார். சின்னவள் பிடித்தது சரியான கையைத்தான். ஆனால் இழுத்த வேகத்தில் அவரும் பேருந்துச் சாவியோடு நீருக்குள் வந்து சேர்ந்தார். அன்று மாலை பள்ளிப் பிள்ளைகளை வேறொரு ஓட்டுநர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

உலகப் போட்டி இரண்டு மாதம் கழித்து நடந்தது. ஒற்றையரில் ராக்கெட் அரையிறுதியோடு நின்றாள். அவளுக்கு வயது இருக்கிறது. இரட்டையர் முதல் சுற்றில் நான்காவது. அரையிறுதியில் மூன்றாவது; முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர்கள் மட்டுமே இறுதிக்குப் போக முடியும் என்பதால், நூலிழையில் நுழைந்தார்கள். இறுதிச் சுற்று காலை பதினொன்று இருபதுக்கு. சின்னவள் புறப்பாட்டுக் கோட்டில் வலது முழங்காலை ஊன்றி, துடுப்பை நீருக்கு மேல் பிடித்து, இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். காகிதத்தில் மட்டும் பார்த்திருந்த பெயர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் மண்டியிட்டிருந்தன.

"அக்கா, முன்னாடி பாருங்க" என்றாள் ராக்கெட்.

"இரு. பாத்துக்கிறேன். இதுக்குத்தானே வந்தேன்."

துப்பாக்கி வெடித்தது. இரண்டு நிமிடம் மூன்று வினாடி, நாற்பது. அவர்கள் ஓட்டியதிலேயே மிகச் சிறந்த நேரம். ஓடிய ஒன்பது படகுகளில் ஒன்பதாவது. விழவில்லை.

கோட்டைத் தாண்டியதும் ராக்கெட் மூச்சிரைக்கக் கேட்டாள்: "அக்கா, நாமதான் கடைசியா?"

"நாமதான். பின்னாடி யாரும் இல்ல, தாராளமா இடம் இருக்கு. திருப்பு படகை."

மறுநாள் அம்மா தன் பழைய மருத்துவமனைக்கு, வேறொரு காரியமாகப் போவதாகச் சொல்லிக்கொண்டு, போனார். வேறு காரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவரோடு வேலை பார்த்த மருத்துவர் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டார்.

"என்ன சிஸ்டர், பொண்ணு போட்டிக்குப் போயிருக்கான்னு கேள்விப்பட்டேனே. எத்தனாவதா வந்தா?"

"ஒன்பதாவது டாக்டர்."

"பரவாயில்லையே. எத்தனை பேர்ல?"

அம்மா கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"உலகத்துல" என்றார்.